கீழே வைத்த மிளகு

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், பட்டம் பெற்ற கையோடு, கொல்லிமலையில் ஒரு சிறு பள்ளிக்கூடம் நடத்தச் சென்றேன். செம்மேட்டில் சந்தை கூடும் நாளில் பிள்ளைகள் வரமாட்டார்கள். நானும் சந்தைக்குப் போய்விடுவேன். அடிவாரத்திலிருந்து மிளகு வாங்க வரும் வியாபாரி ஒருவர், கொள்முதல் முடிந்ததும் சாக்கை விரித்து மூன்று சீட்டு ஆடுவார். ஆளுக்கு மூன்று சீட்டு. பார்த்துவிட்டுப் பந்தயத்தை ஏற்றலாம், எதிராளி ஏற்றியதற்கு ஈடு வைக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். பந்தயம் மிளகுதான். மலைக்காரர்கள் பெரும்பாலும் தோற்றே எழுந்தார்கள்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், பயனில்லை. பள்ளிக்கு இடம் கொடுத்திருந்த விவசாயியும் அந்தச் சாக்கின் முன் உட்காரத் தொடங்கியபோது நெடுநாள் யோசித்தேன். நிறுத்த முடியாததை அளவோடு செய்யப் பழக்கினால் சேதமாவது குறையும் என்று முடிவு செய்தேன். கல்லூரி விடுதியில் அந்த ஆட்டத்தை நான் நன்றாகவே கற்றிருந்தேன்.

அவர் வீட்டு வாசலில் புளியங்கொட்டைகளைப் பந்தயமாக வைத்துப் பாடம் தொடங்கினேன். எவ்வளவு இழக்கலாம் என்பதை உட்காருமுன் முடிவு செய்யுங்கள். நல்ல சீட்டு வந்தால் தயங்காமல் ஏற்றுங்கள். கெட்ட சீட்டு வந்தால் உடனே கவிழ்த்துவிடுங்கள். முக்கியமாக, நடுவில் வைத்தது இனி உங்களுடையது அல்ல. அதை மீட்பதற்காக மேலும் வைக்காதீர்கள்.

கடைசி விதிக்கு மட்டும் அவர் பலமாகத் தலையாட்டினார். "அது சரிங்க. கீழ வெச்சது நம்முளுது இல்லீங்க."

அவர் மனைவி பலாச்சுளை உரித்தபடியே கேட்டார்: "ஏனுங்க வாத்தியாரே, இவரு செயிச்ச கொட்டையில கொழம்பு வெக்கலாமுங்களா?"

வீட்டு முன் நின்ற அந்தப் பலாமரம் அந்த அம்மாள் மணமாகி வந்த ஆண்டில் நட்டது. அதன்மேல் ஏறியிருந்த மிளகுக் கொடிகளும் அவர் கைப்பட வளர்ந்தவை. அறுவடையானதும் முதலில் காய்ந்த மிளகில் ஒரு பிடியைத் துணியில் முடிந்து எனக்குத் தருவார்.

புளியங்கொட்டை ஆட்டத்தில் அவர் கணவர் வெகு விரைவில் தேறினார். கெட்ட சீட்டுகளைக் கூச்சமில்லாமல் கவிழ்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த சந்தையில் நான் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் பின்னால் நின்று சீட்டைப் பார்த்தேன். ஏழு, ஒன்பது, ஒரு ராணி. ஒன்றோடொன்று சேராத சீட்டுகள். விற்கக் கொண்டுவந்த மிளகில் பாதி அதற்குள் சாக்கின் நடுவில் குவிந்திருந்தது.

"கவிழ்த்துவிடுங்கள்" என்றேன் மெல்ல.

"வெச்சாச்சுங்களே சாமி."

"வாத்தியாரு வந்துட்டாரு, இனிமே ஆட்டம் இங்கிலீசுல போகும்" என்றார் வியாபாரி. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வியாபாரி மீண்டும் ஏற்றினார். இதற்குள் எனக்கு நண்பராகிவிட்டிருந்த விவசாயி மீதி மிளகையும் வைத்தார். வியாபாரி மறுபடி ஏற்றியதும், இவரிடம் வைக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

"ஊட்டு முன்னால பலா நிக்குதுல்ல" என்றார் வியாபாரி. "மரத்தையும் கொடியையும் வெக்கிறேன்னு சொல்லு, போதும்."

நண்பர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சாக்கின் மேல் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சென்ற ஆண்டு இரு குடும்பங்களின் வரப்புத் தகராறு தீர்ந்தபோது, இருவரும் இதேபோல் ஊரார் முன் ஒரு பிடி மண்ணைத் தரையில் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன். பலர் பார்க்க விளைச்சலையோ மண்ணையோ கீழே வைத்துவிட்டால், அது முடிவுவரை விலகாமல் நிற்பேன் என்ற வாக்கு. அதிலிருந்து பின்வாங்குகிறவனோடு யாரும் சம்பந்தம் கொள்ளமாட்டார்கள். புளியங்கொட்டையில் வாக்கு இல்லை. மிளகில் இருந்தது. நான் கற்பித்த விலகலை அவர் செய்யவே முடியாது. நான் கற்பித்த துணிச்சல் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. என் பாடத்துக்கு முன்பு அவர் ஒரு பிடி மிளகுக்கு மேல் வைத்து ஆடியதில்லை.

வியாபாரி ஒரு ஜோடி எட்டைக் காட்டி வென்றார்.

சூதில் போன சொத்தைச் சட்டம் ஒப்புக்கொள்ளாது, மனு எழுதித் தருகிறேன் என்று அன்று மாலையே நண்பர் வீட்டுக்குப் போய் மன்றாடினேன்.

"வேண்டாமுங்க" என்றார் அவர். "எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குது. நாளைக்கு அதுகளுக்கு யாரு பொண்ணு குடுப்பாங்க?"

மனைவி உள்ளேயிருந்து வரவில்லை.

தை மாதத்தில் வியாபாரியின் ஆட்கள் ஏணியோடு வந்து கொடிகளில் மிளகு பறித்தார்கள். ஏணி வழுக்காதிருக்க அடியில் கல் வைத்துக் கொடுத்தவர் என் நண்பர். அவர் மனைவி சொம்பில் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். மிச்சத் தண்ணீரைப் பழக்கத்தில் கொடியின் வேரில் ஊற்றப் போனவர், பாதியில் நிறுத்தி, அவர்களில் ஒருவரிடம், "ஊத்தலாமுங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் அந்த அம்மாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். அவர் கைகள் வெறுமையாக இருந்தன.

"கோவிச்சுக்காதீங்க வாத்தியாரே" என்றார். "இந்த வருசம் ஊட்டுல மொளகு இல்லீங்க."