கோனாரிடம் சொல்லாமல் விட்ட இரண்டாவது ஆபரேஷன்

இருளப்பக் கோனாரை நான் முதன்முதலில் பார்த்தபோது அவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு முன்னால் நடுத்தெருவில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். பருத்தி ஏற்றி வந்த இரண்டு மாட்டுவண்டிகள் அவருக்குப் பின்னால் நின்றுபோயின. வண்டிக்காரர்கள் கத்தினார்கள். நான் மருந்து கலக்குவதை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

"யாருவே அது? இன்னும் பத்து எட்டு வச்சா ஆஸ்பத்திரி. அதுக்குள்ள என்ன ஓய்வு?"

"ரெண்டு நிமிசம் பொறுங்கய்யா. இந்தா எந்திச்சிருதேன்."

சொன்னபடியே எழுந்து, ஒன்றும் நடக்காதவர்போல உள்ளே வந்தார். அதனால்தான் எனக்கு அவர்மேல் இளக்காரம் வந்தது. இவ்வளவு சுலபமாக எழுந்திருப்பவனுக்கு என்ன நோய் இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது எனக்கு வயது இருபத்தெட்டு. சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு தனியார் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். மிக்ஸ்சர் மருந்து கலக்குவது, ஊசியைக் கொதிக்க வைப்பது, புண்ணுக்குக் கட்டுப்போடுவது எல்லாம் என் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் என்பதால், வெளியூர் டாக்டர்கள் இங்கிலீஷில் எழுதும் கடிதங்களை நோயாளிகளுக்கு வாசித்துச் சொல்லும் பொறுப்பும் என்னிடம் இருந்தது. அதில் எனக்குப் பெருமை அதிகம்.

கோனார் மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர். ஐம்பது தாண்டியவர். கூட அவர் மனைவி மாடத்தி வந்திருந்தார். கோனாரின் முதுகில் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசி, அது காய்ந்து வெடித்திருந்தது.

"நூறு எட்டு வச்சா ரெண்டு காலும் மரத்து, கல்லக் கட்டுன மாதிரி கனத்துப் போவுதுய்யா. குனிஞ்சு உக்காந்தா விட்டுருது. நான் உக்காந்தா ஆடு உக்காருமா? அது பாட்டுக்கு அடுத்தவன் வெள்ளாமைக்குள்ள போயிருது," என்றார்.

நாலு மாதம் தேய்க்க லினிமென்ட் கொடுத்தோம், பி-ஒன் வைட்டமின் ஊசி போட்டோம். ஒன்றும் கேட்கவில்லை. "ஆடு மேய்க்கச் சோம்பல்பட்டா அதுக்கு ஒரு வியாதி வேற," என்று நான் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். டாக்டர்தான் கடைசியில் யோசித்து, பட்டணத்தில் ஒரு சர்ஜனுக்குக் கடிதம் கொடுத்து ரயில் ஏற்றி அனுப்பினார். அங்கே முதுகுத்தண்டுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ் முதுகில் நரம்புகள் இறங்கிவரும் எலும்புக் குழாய் குறுகியிருந்தது. நிமிர்ந்து நடந்தால் நரம்பு நெரிபடும்; குனிந்தால் இடம் கிடைக்கும். அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை.

கடிதம் வந்த நாள்

சர்ஜனின் கடிதம் தபாலில் வந்த அன்று, திருவேங்கடத்தில் ஒரு சிக்கலான பிரசவத்துக்கு டாக்டரைக் கூட்டிப்போக வண்டி வந்து நின்றது. கோனாரும் மாடத்தியும் பெஞ்சில் காத்திருந்தார்கள். டாக்டர் கடிதத்தை என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு வழி எழுதியிருக்கார்ப்பா. ரெண்டையும் அவங்களுக்குப் புரியும்படி சொல்லு. எது வேணுங்கறத அவங்க சொல்லட்டும். நாளைக்குப் பதில் போடணும்."

அந்தக் கடிதத்தில் இருந்தது என்னவென்று இன்று எனக்குத் தெளிவாகத் தெரியும். முதல் வழி லாமினெக்டமி. நரம்புக்குப் பின்புறம் கூரைபோல் மூடியிருக்கும் எலும்பை வெட்டி எடுத்து இடம் உண்டாக்குவது. இரண்டு மூன்று வாரத்தில் எழுந்து நடக்கலாம். ஆனால் கோனாருக்கு ஒரு முள்ளெலும்பு ஏற்கெனவே கொஞ்சம் முன்னால் நழுவியிருந்தது. கூரையை எடுத்தபின் அது மேலும் நழுவலாம். இரண்டாவது வழியில் அதே ஆபரேஷனோடு ஃபியூஷனும் சேரும். இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, முதுகெலும்புகளை ஒன்றாக ஒட்டவைப்பது. பின்னால் நழுவும் பயம் குறையும். ஆனால் ரத்தம் அதிகம் போகும், பிளாஸ்டர் கட்டோடு மாதக்கணக்கில் படுத்தே கிடக்க வேண்டும், அப்படியும் எலும்பு ஒட்டாமல் போகலாம். எது மேல் என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, நோயாளியின் விருப்பம் தெரிய வேண்டும் என்று முடித்திருந்தார்.

அன்றைக்கு எனக்கு லாமினெக்டமியும் தெரியாது, ஃபியூஷனும் தெரியாது. நழுவுவதைப் பற்றி எழுதியிருந்த வரி விளங்கவே இல்லை. வாரம், மாதம், பிளாஸ்டர் என்ற சொற்கள் மட்டும் பிடிபட்டன. டாக்டர் மேஜையில் தடித்த மருத்துவ அகராதி இருந்தது. 'நாளைக்கு வாங்க, டாக்டரே சொல்லுவார்' என்று அனுப்பியிருக்கலாம். ஆனால் இரண்டுபேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"ஆபரேஷன் பண்ணணும் கோனாரே. முதுகுல கொஞ்சம் எலும்ப எடுப்பாங்க. மூணு வாரத்துல எந்திச்சு நடக்கலாம்."

"வேற வழி எதும் எழுதியிருக்காவளாய்யா?" என்று மாடத்தி கேட்டார்.

"இல்ல. இதுதான்."

ஆட்டுக்காரன் மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பானா, எப்படியும் இதைத்தானே கேட்பான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் டாக்டரிடம், "முதல் வழி போதும்னு சொல்லிட்டாங்க சார்," என்றேன். அவர் அப்படியே பதில் எழுதினார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. இரண்டு மாதம் கழித்துக் கோனார் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒருதரம்கூட உட்காராமல் நடந்து வந்தார். "நீங்க வாசிச்சுச் சொன்னதுதான்ய்யா என்ன நடக்க வச்சுது," என்று ஒரு சொம்பு நெய்யை என் கையில் கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன்.

"மறந்திருப்பாங்க"

ஒன்றரை வருஷம் போனது. மறுபடி வந்தபோது அவர் இடுப்பைக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார். எலும்பு நழுவிவிட்டது. மீண்டும் பட்டணம், மீண்டும் கடிதம். இந்தமுறை டாக்டரே பிரித்து வாசித்தார்.

"ஏன் கோனாரே, அப்பவே எலும்ப ஒட்டவைக்கலாம்னு அவர் கேட்டிருந்தாரே. நீங்கதான வேண்டாம்னீங்க?"

"ஒட்ட வைக்கவா? எனக்கு ஒண்ணும் தெரியாதே சாமி," என்றார் கோனார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லலையா?"

"சொன்னேன் சார். மறந்திருப்பாங்க."

ஒரு நொடிகூட யோசிக்காமல் என் வாயிலிருந்து அது வந்தது. கோனார் என்னைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டி, "படிச்சவுக சொன்னா சரியாத்தான் இருக்கும். நான்தான் மறந்திருப்பேன்," என்றார். அவர் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே நம்பிவிட்டார். மாடத்தி நம்பவில்லை. அவர் என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, இறங்கி, கரிசல்காட்டு வழியே அவர் ஊருக்கு நடந்தேன். கோனார் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மாடத்தி ஆட்டுக்கு வேப்பிலைக் குழை கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க மறக்கல. நான் சொல்லவே இல்ல. எனக்கு அந்தக் கடிதம் விளங்கல," என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்; நானே மேலே பேசினேன். "ஆனா அந்த ரெண்டாவது வழியும் பலிக்கும்னு உறுதியில்லன்னுதான் எழுதியிருந்தாரு. எது நல்லதுன்னு அவருக்கே தெரியல."

மாடத்தி குழையைக் கீழே போட்டார்.

"எது நல்லதுன்னு யாருக்கும் தெரியாததுனாலதானய்யா எங்ககிட்ட கேக்கச் சொன்னாவ? நீங்க யாரு அதுக்கு நடுவுல?"

கோனார், "விடுட்டி, வீடு தேடி வந்திருக்காவ," என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போகும் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அவசரத்துல உன் கையில கொடுத்துட்டுப் போன தப்பு என்னோடது. பொய் சொன்ன தப்பு உன்னோடது," என்றார். பிறகு, "அவங்கள வரச்சொல்லு. புதுக் கடிதத்த நீயே வாசி. நான் பக்கத்துல இருக்கேன்," என்றார்.

இந்தமுறையும் இரண்டு வழிதான். இப்போது ஃபியூஷன் செய்வது, அல்லது ஆபரேஷன் இல்லாமல் இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு இருப்பது. வரிவரியாக வாசித்தேன். தெரியாத இடத்தில் எல்லோர் முன்னாலும் நிறுத்தி டாக்டரைக் கேட்டேன். ஏழெட்டு இடம் இருந்தது.

"ஒங்க மனசுல எதுய்யா?" என்று கோனார் கேட்டார்.

என் மனதில் இருந்தது ஃபியூஷன். அது பலித்தால் என் தப்பு கழுவப்படும் என்ற ஆசை. அந்த ஆசை யாருக்காக என்று எனக்கே தெரிந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

கோனார் டாக்டரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "படுத்துக் கெடந்து எந்திச்சா, ஆட்டுப் பின்னால ஓடிருவேனா சாமி?"

"உறுதியாச் சொல்ல முடியாது."

அவரும் மாடத்தியும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். "வேண்டாம். பெல்ட்டே போதும்," என்றார் கோனார். ஆடுகளை மகளும் மருமகனும் பார்த்துக்கொண்டார்கள். நாலு ஆட்டை மட்டும் வீட்டருகே வைத்துக்கொண்டு, குனிந்தே நடந்து, அவர் பல வருஷம் இருந்தார்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். நோயாளிக்குப் புரியாது என்று நாம் விட்டுவிடும் வரி, பெரும்பாலும் நமக்குப் புரியாத வரிதான். அதை மறைக்கத்தான் அவன்மேல் பழியைப் போடுகிறோம்.

மாடத்தி அதற்குப் பிறகும் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். நான் எந்தக் காகிதத்தை வாசித்துச் சொன்னாலும், பெஞ்சில் எத்தனைபேர் இருந்தாலும், "இம்புட்டுத்தானாய்யா? வேற ஒண்ணும் இல்லயே?" என்று கேட்பார். நான் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் அவரிடம் காட்டுவேன். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.