ஊர்ச் சாப்பாட்டுக்கு ஒரு குமகாய்

"இருங்க, இருங்க, வாயில வைக்காதீங்க. முதல்ல நான் சொல்றதக் கேளுங்க" என்று குமகாய் ஒரு வெளியூர்க்காரரின் கையைப் பிடித்து நிறுத்துகிறார். குச்சியில் தொங்கும் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருக்கிறது. வங்கியில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து, ஜப்பானில் எங்கள் மொரியோகா நகரத்துச் சாப்பாட்டுக்கு இவர்தான் அதாரிட்டி. யாரும் கேட்டு நியமிக்கவில்லை. ரயில் நிலையத்தில் திருதிருவென்று விழிக்கும் ஆளாகப் பார்த்து அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்.

சூடான நூடுல்ஸ் சில்லிடும்வரையும், குளிர் நூடுல்ஸ் வெதுவெதுப்பாகும்வரையும் பேசுவது இவருக்குக் கைவந்த கலை. குளிர் நூடுல்ஸில் வைக்கும் தர்பூசணித் துண்டை எப்போது கடிக்க வேண்டும் என்பதற்கே கால்மணி நேரம் எடுப்பார். அதற்குள் யாராவது கடித்துவிட்டால், "போச்சு, இனிமே நீங்க என்ன சாப்பிட்டும் பிரயோஜனமில்ல" என்று உதட்டைப் பிதுக்குவார். நூடுல்ஸில் உடைத்து ஊற்றும் பச்சை முட்டை வேண்டாமென்ற ஓசாகாப் பெண்மணியை, "அப்ப எதுக்கு ரயிலேறி வந்தீங்க?" என்று கேட்ட மகானுபாவர்.

இத்தனை வாய் பேசுகிறவரின் மதியச் சாப்பாடு, ஸ்டேஷன் கடையில் வாங்கிய முட்டை சாண்ட்விச். ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்ததை நானே பார்த்தேன். என்னைக் கண்டதும் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாரே தவிர, மெல்வதை நிறுத்தவில்லை.

போன வருடம் மனைவி இறந்தபிறகு இவர் அடுப்பை அணைக்க மறந்து, இரண்டு தடவை தீயணைப்பு வண்டி வந்தது. யோகோஹாமாவில் இருக்கும் மகள் சியோரி தன்னோடு வந்து இருக்கும்படி இவரைக் கெஞ்சிக்கொண்டிருப்பது தெருவுக்கே தெரியும். அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே போனை வைத்துவிடுவாராம். போன ஞாயிற்றுக்கிழமை அவள் நேரிலேயே வந்து நின்றாள். பெற்ற பெண்ணை வீட்டில் உட்காரவைத்துப் பேசுவாரா? நான் பரிமாறும் சோபா நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிவந்தார்.

எங்கள் கடை முறையே வேறு. ஒரு வாய் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டு முடித்ததும் பின்னால் நிற்கும் நாங்கள் அடுத்த வாயைக் கிண்ணத்தில் கவிழ்த்துவிடுவோம். போதுமென்றால் கிண்ணத்தை மூடவேண்டும். மூடுவதற்குள் நாங்கள் முந்திக்கொள்வோம்.

"அப்பா, வீட்டு விஷயமா ஒண்ணு..." என்று சியோரி தொடங்கினாள். கவிழ்த்தேன். என் வேலை அது.

"முதல்ல சாப்பிடும்மா. நடுவுல நிறுத்தினா ருசி போயிடும்" என்றார். அவர் முன்னால் கிண்ணமே இல்லை. வயிறு சரியில்லையாம்.

அவள் விழுங்கிவிட்டு மறுபடி பேச வாய் திறந்தாள். மறுபடி கவிழ்த்தேன். "அப்படித்தான் அக்கா, விடாதீங்க" என்று என்னை வேறு உற்சாகப்படுத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் வாய் திறந்து பேசவே முடியாத கடையாகப் பார்த்து மகளை உட்காரவைத்திருக்கிறார். அவருடைய கோழைத்தனத்துக்கு நான் கூலியாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே கையைத் தாமதித்தேன்.

அந்த இடைவெளியில் சியோரி கிண்ணத்தை மூடிவிட்டாள்.

"ரூம் ரெடி பண்ணிட்டோம்ப்பா. பனி கொட்டறதுக்குள்ள வந்துடுங்க. இன்னொரு தடவ அடுப்பு எரியுதுன்னு போன் வந்தா என்னால தாங்க முடியாது."

"அங்க என்ன இருக்கு சாப்பிட?"

"நான் இருக்கேன்ல."

குமகாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார். மூடிய கிண்ணத்தை எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகூடத் திறக்காது. குமகாய் கையை நீட்டி, மகளின் கிண்ணத்து மூடியை மெல்ல எடுத்துத் தன் மடியில் ஒளித்துவைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துப் போடச் சொல்லித் தலையசைத்தார்.