முடி கொட்டாத மான்தோல்

பூமியின் வடகோடியிலிருந்து ஒரு மான் ஆம்பூருக்கு வந்து சேர்ந்ததும், எங்கள் சித்தப்பா அதை மொட்டையடித்ததும் என்னுடைய பன்னிரண்டாம் வயதில் நடந்தன. மான் என்றால் முழு மான் இல்லை. அதன் தோல் மட்டும்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்தை நடத்திவந்த துரைசானியம்மாளுக்கு ஓர் அண்ணன் இருந்தார். அவர்களுடைய தேசத்தின் தலைமாட்டில், பனிமலைகளுக்கு நடுவே, மான் மேய்த்துப் பிழைக்கும் ஜனங்களிடம் அவர் பாதிரி வேலை பார்த்தார். அங்கிருந்து அவர் அனுப்பிவைத்த தோல் அது. உப்புப் போட்டுக் காயவைத்ததோடு சரி, பதனிடவில்லை. பலகைபோல விறைத்திருக்கும். மேலே சாம்பல் நிறத்தில் விரல் நீளத்துக்கு முடி. கோடை பிறந்ததும் அந்த முடி உதிர ஆரம்பித்துவிட்டது. மைக்கூட்டில் முடி, பெஞ்சியில் முடி, வாத்தியார் குடிக்கிற மோரில்கூட முடி.

கோடை விடுமுறை கழிந்ததும் வேலூரிலிருந்து பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் ஒரு பையன் அந்தத் தோலைக் காட்டிப் பனிநாட்டைப் பற்றி இங்கிலீஷில் பேச வேண்டும். நன்றாகப் பேசினால் வேலூர் ஹைஸ்கூலில் சாப்பாட்டோடு இடம். துரைசானியம்மாள் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் ஒருவருமில்லை. அந்த இடம் கிடைக்காவிட்டால் மறுநாளே சித்தப்பாவைப்போல நானும் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழிப் பக்கம் நிற்க வேண்டியதுதான்.

விடுமுறைக்கு முந்தின நாள் அம்மாள் தோலைச் சுருட்டி என்னிடம் கொடுத்தார்கள். "உன் வீட்டார் தோலை அறிந்தவர்கள் அல்லவா? முடி கொட்டாமல் செய்து தரச் சொல்" என்றார்கள். நானும் அப்படியே ஒரு சொல் பிசகாமல் சித்தப்பாவிடம் சொன்னேன்.

சித்தப்பா முடியை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். கொத்தாக வந்தது. முகம் மாறிவிட்டது.

"முடி கொட்டுதுன்னா தோலு கெட்டுகினு கீதுன்னு அர்த்தம்டா. இன்னும் நாலு நாளு உட்டா நார்நாரா பூடும். நான் பாத்துக்கறேன், நீ போய்ப் படி."

நான் படிக்கப் போனேன். தோல் ஷாப்பில் முடி விட்டுப்போன தோலைக் கண்டால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். நேரே சுண்ணாம்பில் போட்டு, மிச்ச முடியையும் வழித்துவிடுவார்கள். தோல் பிழைக்க அது ஒன்றுதான் வழி. அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் என் நினைப்பெல்லாம் பேச்சின்மேல் இருந்தது.

சில வாரம் கழித்து அவர் தோளில் போட்டுக்கொண்டு வந்தது ஆவாரம்பட்டையில் ஊறி, இளமஞ்சளாய், துணிபோலத் துவண்ட ஒரு தோல். மருந்துக்கும் ஒரு முடி இல்லை.

"இனிமே ஒரு முடி கொட்டாது, பாரு" என்றார். கிண்டல் இல்லை; பெருமை.

நான் ஓவென்று அழுதேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாடா இவன்! சீமைக்கு ஏத்தற சரக்கு கணக்கா செஞ்சு குடுத்துக்கீறேன், அழுவுறான்!" என்று அம்மாவிடம் முறையிட்டார். பிறகு என்னைச் சமாதானப்படுத்த, தோலை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். தரையில் விழுந்த நிழலில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். முதுகெலும்பு ஓடிய இடத்துக்கு இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"இது கத்தி பட்ட ஓட்டை இல்ல. உசுரோட இருக்கசொல்ல ஈ முட்டை வெச்சுகீது. புழு உள்ளயே வளந்து முதுகைத் தொளைச்சுகினு வெளிய வந்துகீது. வடக்கேருந்து அரக்கோணம் வழியா ரயில்ல வர்ற ஆட்டுத் தோல்ல பாத்துக்கீறேன். இதுல ரொம்ப ஜாஸ்தி."

"அங்க ஈயே கிடையாது, சித்தப்பா. எல்லாம் பனி. புஸ்தகத்துல போட்டிருக்கு."

"புஸ்தகம் எழுதுனவரு தோலைப் பாத்தாரா?"

என் பேச்சின் நாலாவது வாக்கியமே, அந்த வெண்மையான தேசத்தில் ஈயோ கொசுவோ புழுவோ கிடையாது என்பதுதான். அதை அம்மாள் மெச்சி அடிக்கோடு போட்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று சித்தப்பாவும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கூட வந்தார். அம்மாள் தோலைப் பிரித்துப் பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். அப்புறம் விரலால் ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே, இவை எப்படி வந்தன என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டார்கள்.

"சொல்லுடா, ஈ சமாச்சாரத்தைச் சொல்லு" என்று சித்தப்பா என் முதுகில் தட்டினார்.

பனிநாட்டில் ஈ என்றால் அம்மாள் சிரிப்பார்கள், என் நாலாவது வாக்கியம் போகும், வேலூர் போகும். நான் இங்கிலீஷிலேயே சொன்னேன்: "சித்தப்பாவின் கத்தி தவறிப் பட்டுவிட்டது, அம்மா. மன்னிக்க வேண்டும்."

தோல் ஷாப்பில் ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகக் கேவலமான சொல் அதுதான்.

அம்மாள் எழுந்து சித்தப்பாவைப் பார்த்து, தமிழில், "பரவாயில்லை" என்றார்கள். அவர் குனிந்து பெரிய சலாம் போட்டார்.

வேலூர்ப் பெரிய மனிதர்கள் வந்ததும் நான் பேசினேன். ஒரு சொல்லும் புரியாமல், எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் சித்தப்பா. வேலூரில் இடம் கிடைத்தது.

அதற்கப்புறம் சில வருஷம் கழித்து, காலேஜ் லைப்ரரியில் அந்த மலைகளைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தது. மரம் வெட்டவோ சுரங்கம் தோண்டவோ கூடாதென்று அரசாங்கம் அவற்றை இப்போது ஒதுக்கிவைத்திருக்கிறதாம். கோடையில் அங்கே சூரியன் அஸ்தமிப்பதே இல்லை. பனி உருகும், புல் முளைக்கும், பூப்பூக்கும். கூடவே ஈ வரும், மேகம் மேகமாக. மானின் மேல் முட்டையிடும். புழு முதுகில் வளர்ந்து தோலைத் துளைத்து வெளியேறும். ஈக்குப் பயந்து மான்கள் உச்சியில் மிஞ்சிய பனியைத் தேடி ஏறும்; அவற்றின் பின்னாலேயே கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அந்த ஜனங்கள் ஏறுவார்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் மூட்டிய அடுப்புக் கற்கள் அந்த வழி நெடுக இன்னும் கிடக்கின்றனவாம். ஒரு ஜனத்தின் நடைவழியே ஓர் ஈயால் அமைந்தது. சித்தப்பா அதன் பாதியை ஒரு தோலில் பார்த்துவிட்டிருந்தார்.

அவரிடம் இதைச் சொல்ல வேண்டுமென்று ஊருக்குப் போனபோது அவர் இல்லை. கண்ணை மூடி இரண்டு மாதமாகியிருந்தது.

நான் பேசிய அன்று பள்ளிக்கூடத்திலிருந்து பாலாற்று மணலில் நடந்து திரும்பும்போது அவர் கேட்டார்:

"ஈ சமாச்சாரத்தைச் சொன்னியா?"

"சொன்னேன்."

"இன்னா சொன்னாங்க?"

"பரவாயில்லைன்னாங்க. நீதான் கேட்டியே."

சித்தப்பா நின்றுவிட்டார்.

"அவ்ளோ புழு துன்னுருக்கு, பரவாயில்லையா? பாவம்டா அந்த மானு."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கேயோ செத்துப்போன ஒரு மானுக்காக இந்த மனிதர் ஏன் நடுமணலில் நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.