பொட்டு வைத்த ஆமை

என் கணவருக்கு இளகிய மனசு. அந்த மனசு வீட்டில் யாருக்கும் பெரிதாகப் பயன்பட்டதில்லை, ஆமைகளுக்குத்தான் பயன்பட்டது.

பிறந்தநாளுக்கு வளர்க்க ஓர் ஆமை வேண்டும் என்று மகள் கேட்டாள். போட்டாதாங் படகுத்துறையில் கூடையில் ஆமைகளை வைத்து விற்கிறவனிடம் கூட்டிப் போனார். எல்லாம் ஆற்றிலும் வயலிலும் பிடித்தவை. "இதோட அம்மா எங்க?" என்று மகள் கேட்டாள். அவன் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்தான்.

ஆற்று ஆமையை வீட்டில் அடைப்பது பாவம் என்று இவருக்கு அங்கேயே ஞானம் பிறந்தது. ஒன்றை வாங்கிப் புத்தர் கோயில் குளத்தில் விட்டுவிடலாம் என்றார். பிறந்தநாளில் ஓர் உயிரை விடுவித்தால் புண்ணியம் என்பது இந்த ஊர்ப் பௌத்தர்களின் வழக்கம். அதில் நாங்களும் சளைத்தவர்கள் இல்லை. தமிழ் முறைக்குக் குறை வைக்காமல் மகள் அதன் ஓட்டில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தாள். ஆமை தண்ணீருக்குள் போனது. முதலை வாயிலிருந்து யானையையே மீட்டுவிட்ட மாதிரி இவர் நின்றார்.

மகள் வெறுங்கையோடு வீடு திரும்பினாள்.

"பக்கத்து ஊர் மாவ்பியில ஒருத்தர் லைசென்ஸ் வாங்கி, தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கிறாராம். அங்க வாங்கலாமே" என்றேன்.

"அதுல என்ன புண்ணியம்? அதைத்தான் யாரும் பிடிச்சு வைக்கலியே."

புண்ணியத்தில் ருசி கண்டவர் மறுவாரமும் எங்களைப் படகுத்துறைக்கு இழுத்துப் போனார். விற்கிறவன் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "வாங்க சயா, உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்" என்று வாத்தியாரைக் கூப்பிடுவது போல மரியாதையாகக் கூப்பிட்டான். கூடை முன்பைவிடப் பெரிது. இப்படியொரு வாடிக்கைக்காரர் கிடைத்தால் யார்தான் கடையைப் பெரிதாக்க மாட்டார்கள்?

இவர் பெருமையோடு குனிந்து ஒன்றை எடுத்தார். ஓட்டில் சிவப்புப் பொட்டு. ஓரத்தில் ஒரு சில்லு உடைந்திருந்தது.

மகள் அந்தப் பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதை மட்டும் வாங்கிடலாமா?" என்றார்.

"வாங்குங்க. அடுத்த வாரம் ரெண்டு கூடை வைப்பான்."

அதைத் திரும்பக் கூடையில் வைக்க இவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மாவ்பிக்குப் பஸ் ஏறினோம். உள்ளங்கையில் அடங்குகிற குஞ்சு ஒன்றை வாங்கியதும் மகள், "இதோட அம்மா எங்க?" என்று அதே கேள்வியைக் கேட்டாள்.

தொட்டிக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அந்தா, கீரை தின்னுட்டிருக்கு பாரு பாப்பா" என்றார்.