எழுபது சென்டிமீட்டர் கட்டில்

குன்வோர் ஹேகுக்கு நான் வேன் ஓட்ட வந்து ஆறு வருடமாகிறது. விற்பனைக்கு வரும் காலி வீடுகளை, வாங்க வருபவர்களுக்குப் பிடிக்கும்படி அலங்கரிப்பது அவள் தொழில். கேவ்லெ நகரில் ஒரு மேசை நாற்காலிக் கடையில் வேலை பார்த்தபடியே அதைக் கற்றுக்கொண்டாள். திரைச்சீலை தரைக்கு ஒரு விரல் உயர்ந்திருந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவாள்.

அவளுடைய கட்டில்கள் தச்சரிடம் சொல்லிச் செய்தவை. சாதாரணக் கட்டிலைவிட நீளத்திலும் அகலத்திலும் இருபது சென்டிமீட்டர் குறைவு. போட்டால் அறை பெரிதாகத் தெரியும். எங்கள் தொழிலில் இது ஒன்றும் ரகசியமில்லை.

வழக்கமாக வீடு பார்க்க ஆட்கள் வருமுன் கிளம்பிவிடுவோம். ஒரு ஞாயிறு தரகர் வரத் தாமதமானதால் நாங்களே கதவைத் திறந்துவிட்டோம். முதலில் வந்தவர் தூர்கெல் என்ற முதியவர். தரை அழுக்காகாதிருக்கக் காலணிமேல் நீல உறை மாட்டிக்கொண்டு நேராகக் கீழ்த்தளப் படுக்கையறைக்குப் போய், மடக்கு அளவுகோலை விரித்துக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே வைத்தார்.

"இந்தப் பக்கம் எண்பது. அந்தப் பக்கமும் எண்பது!" எங்களைப் பார்த்துச் சிரித்தார். "என் பொண்டாட்டி ஹெர்டிஸ் படுத்த படுக்கை. பாத்துக்க வர்ற பொண்ணுங்க, கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் எண்பது இருந்தாத்தான் வருவாங்களாம். விதியாம். ஏழு வீடு பாத்துட்டேன். இல்லேன்னா அவள முதியோர் இல்லத்துலதான் விடணும்."

"ஏழு வீட்டுக்கும் இந்தக் கோலோடயா போனீங்க?" என்றேன்.

"கோல் இல்லாம போனா ஹெர்டிஸே என்ன உள்ள விடமாட்டா. ஏம்மா, இது சாதாரணக் கட்டில்தானே?"

"ஆமா, சாதாரணம்தான்," என்றாள் குன்வோர். அவள் கழுத்து சிவந்தது. அந்தக் கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கி வந்தவன் நான். திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் செல்பேசியை எடுத்தார். "ஹெர்டிஸ், கெடச்சிருச்சு!"

நடை வரைக்கும் போன குன்வோர் திரும்பி வந்தாள். "கட்டில அளங்க."

"அதான் அளந்துட்டேனே."

"பக்கத்த இல்ல. கட்டில."

அளந்தார். எழுபது.

"உங்களுது தொண்ணூறு இருக்கும். பக்கத்துக்குப் பத்து குறையும்."

அவர் கோலை எடுக்காமல் குனிந்தபடியே இருந்தார். "அப்ப ஏம்மா சாதாரணம்னு சொன்ன?"

 

"சன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று இன்னும் அணைக்காத செல்பேசியில் ஹெர்டிஸ் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்து சொல்றேன்." கோலை மடித்துக்கொண்டு போனார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து ஓர் இளம் தம்பதி உள்ளே வந்தார்கள். "அப்பாடி, எவ்ளோ பெரிய ரூம்!" என்றாள் பெண். அளக்கும்போது தூர்கெல் கைவைத்த இடத்தில் போர்வை கசங்கியிருந்தது. பழக்கத்தில் குன்வோர் குனிந்து அதை நீவிவிட்டாள். பாதியில் கை நின்றது. கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

அவர்களிடம் கட்டிலைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.