நாய்க்கு வெச்ச கருணைக்கிழங்கு கொழம்பு

அட, நாய்க்கு மூலம்னு எங்கூட்டுக்காரரு கெழங்கு வாங்கியாந்த கதையா? அத உனக்கு யாருடி சொன்னது? நீ இந்தத் தெருவுக்குக் குடி வர்றதுக்கு மூணு வருஷம் முன்ன நடந்ததாச்சே. உக்காரு சொல்றேன். மொதல்ல அந்த வத்தல் பாய வெய்யில் பக்கம் இழுத்துப் போடு.

இந்தச் செவல நாய் அப்போ மில்லு கேட்டாண்டதான் கெடந்துச்சு. கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லுல இவரு கிரேன் ஓட்டிக்கினு இருந்தாரு இல்ல, கேண்டீன் சோத்துல பாதிய இதுக்குப் போட்டாரு. ஒருநாள் சைக்கிள் பின்னாடியே ஓடியாந்து இங்கயே தங்கிடுச்சு. பெத்த புள்ளைங்கள ஒருநாள் கொஞ்சுனவரு இல்ல. நாய்னா மட்டும், "வா நைனா, துன்னு நைனா"தான்.

ஒரு கோடையில பாரு, நாய் குந்திக்கினே தெருவுல பின்னாடியத் தேச்சுக்கினு போவுது. நான் போட்ட கோலத்துமேல தெனமும் தண்டவாளம் மாதிரி ஒரு கோடு. ஓயாம வாலுக்குக் கீழ நக்கிக்கினே கெடக்கும். கிட்டப் போனா பழவேற்காட்டுக் கருவாட்டுக் கூடையத் தொறந்தாப்ல ஒரு நாத்தம்.

"இதுக்கு மூலம்டி"ன்னாரு இவரு. "உக்காந்து உக்காந்து சூடு ஏறிடுச்சு."

"நாய் எந்த ஆபீசுல உக்காந்துச்சு?"

"உனக்கு இன்னா தெரியும்? கருணக்கெழங்கு கொழம்பு வெச்சுப் போடு. காரம் கம்மியா."

ரெண்டு கிலோ வாங்கியாந்துட்டாரு. வெச்சேன். நாய் மோந்து பாத்துச்சு. நான் இன்னா பாவம் பண்ணேன்னு கேக்குறாப்ல என்னப் பாத்துச்சு. எயுந்து போய் சைக்கிளுக்குக் கீழ படுத்துக்கிச்சு. நான் கொழாயில கொடம் வெச்சுட்டு வந்து பாத்தா சட்டியில ஒரு துண்டு இல்ல. மீசையில கொழம்பு யாருக்குன்னு நெனைக்கிற? மறுநாள் துத்தி எல வந்துச்சு, நாய் மூலத்துக்குக் கட்டவாம். வெளக்கெண்ணெயில வதக்கிக் குடுத்தேன். நாய் ஓடிப் போச்சு. எலயும் காணோம், இவரையும் அரமணி நேரம் காணோம்.

அப்புறந்தான்டி எனக்கு ஒண்ணொண்ணா நெனப்புக்கு வருது. மனுஷன் நின்னுக்கினே சாப்புடுறாரு. கும்மிடிப்பூண்டில பட்டணத்துக்கு டிரெயின் ஏறுனா, ஒரு பொண்ணு எயுந்து எடம் குடுக்குது, "பரவால்லமா"ன்னு பேசின் பிரிட்ஜ் வரைக்கும் நிக்கிறாரு. என் நல்ல தலவாணி ஒண்ணு கிரேன் கேபினுக்குப் போயிடுச்சு. அடுத்த வாரம் காக்கி பேண்ட்ட ஊறப் போடுறேன், பின்னாடி கற.

"இன்னாய்யா இது?"

"மில்லு துருடி."

முப்பது வருஷமா மில்லு துருவத் தொவைக்கிறவ நான். துரு எது ரத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? ஆளும் சுண்ணாம்பா வெளுத்திருந்தாரு. பெரிய வியாதியா இருந்தா நான் இன்னா பண்ணுவேன்? ஆஸ்பத்திரிக்கு வான்னா, "அங்க வெரல வுடுவாங்களாம், போடி"ன்னு துண்ட ஒதறிக்கினு போயிடுவாரு.

சரி, இவரு எதுக்கு மசிவாருன்னு எனக்குத் தெரியும். "நாய மாட்டாஸ்பத்திரிக்காவது கூட்டினு போலாம் வாய்யா"ன்னேன். ஒடனே சட்டயப் போட்டாரு.

அங்க இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. நாயத் தூக்கி மேசமேல நிறுத்துனோம்.

"எவ்ளோ நாளா இப்டி?"

"ஆறு மாசமா டாக்டர்."

நாய் தேய்க்க ஆரம்பிச்சே மூணு வாரந்தான்டி ஆச்சு!

"ரத்தம் வருதா?"

"வருது டாக்டர். காரம் துன்னா மறுநாள் எரியுது. நைட் ஷிப்டு பாத்துட்டா உக்காரவே முடியல."

டாக்டரம்மா பேனாவக் கீழ வெச்சாங்க. "நாய் நைட் ஷிப்டு போவுதா?"

நான் முந்தானைய வாயில அடைச்சுக்கினேன். இவரு காது ரெண்டும் செவந்து போச்சு.

அந்தம்மா சிரிக்கல. கையில ஒறைய மாட்டி, எண்ணெயத் தடவி, ஒரு வெரல உள்ள வுட்டு மெதுவா அமுக்கிச்சு. பழுப்பா ஒண்ணு பீச்சிக்கினு வந்துச்சு பாரு, நாத்தத்துல வெளிய மாடு புடிச்சுக்கினு நின்னவரு கூட ஓடிட்டாரு. "மூலம் இல்லைங்க. நாய்க்கு வாலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் சின்னதா ஒவ்வொரு பை இருக்கும், அது அடைச்சுக்கிச்சு"ன்னாங்க. நாய் ஒருதபா ஒடம்ப ஒதறிட்டு, வால ஆட்டிக்கினு அவங்க முழங்கைய நக்குது.

இவரு வெறிச்சுப் பாக்குறாரு. "அவ்ளோதானா டாக்டர்?"

"நேரத்தோட வந்தா அவ்ளோதான். உட்டா சீழ் கட்டி ஒடஞ்சிடும்." அப்புறம் என் பக்கம் திரும்பி, "நைட் ஷிப்டு பாக்குறவரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்கம்மா. ரத்தம் வந்தா என்னன்னு பாத்துடணும்"னாங்க.

ஊட்டுக்கு வந்து மெதுவா கேக்குறாரு, "நாய்க்கு வலிச்சிருக்குமாடி?"

"பக்கத்துலதான இருக்குது, அதையே கேளு."

மறுநாள் விடிஞ்சு பாத்தா வெள்ளச் சட்டயில நிக்கிறாரு.

"இன்னாய்யா, பொண்ணு பாக்கவா?"

"ஆஸ்பத்திரிக்கு வாடி. நாயே சும்மா நின்னுச்சு."

உள்ள போனவரு பத்து நிமிஷத்துல வந்துட்டாரு. மூலம்தானாம். வேற வியாதி இல்ல, ஆபரேஷனும் வேணாமாம். மாத்திரை, கீர, நெறய தண்ணி, அவ்ளோதான். நான் அந்த வராண்டாவுலயே குந்திக்கினு அழுதுட்டேன். முந்தானையால மூஞ்ச மூடியிருந்தேனா, இவரு நான் சிரிக்கிறேன்னு நெனச்சுக்கினு ஒரு வாரம் பேசல! அப்புறமும் உட்டேனா? பேண்ட் தொவைக்கும்போதெல்லாம், "துரு போச்சாய்யா?"ன்னு கேப்பேன், செருப்பத் தேடுவாரு.

அய்யய்யோ, அங்க பாருடி! என் வத்தல் பாய்மேலயே தேச்சுக்கினு வருது! மறுபடியும் அடைச்சுக்கிச்சு. யோவ், எயுந்துரு, சட்டயப் போடு, டாக்டரம்மா போறதுக்குள்ள போவணும். நீ அந்த முனையப் புடிடி, பாயத் தூக்கிடலாம்.