அசையாமல் படுக்க வேண்டும்

சாய்ந்தமருதுக் கல்யாண வீடொன்றில் அவரைச் சந்தித்தேன். வெளிநாட்டில் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூளையைப் படம் எடுத்து ஆராய்பவர். கதிரையில் இருந்தாலும் அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. முற்றத்தில் என் மகன் வட்டமிட்டு ஓடிக்கொண்டிருந்தான்.

“டொக்டர், என்ட மகன்ட மூளையையும் படம் எடுத்துப் பாக்க ஏலுமா?” என்று கேட்டேன்.

“அசையாமப் படுக்கணுமே காக்கா. அசைஞ்சா படம் கலங்கிடும். அப்படிப் படுக்க ஏலாத புள்ளைகள நாங்க ஆராய்ச்சியில சேக்கிறல்ல.”

“அப்ப இவனப்போலப் புள்ளைகள ஆரு பாக்கிற?”

அவருடைய முழங்கால் நின்றது.

சாப்பிடக் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, என் மகனுக்குப் பின்னால் அதே வட்டத்தில் ஓடத் தொடங்கினார். சேர்ந்து சாப்பிடும் ஒரே சகன் தட்டைச் சுற்றி உட்கார்ந்த நாங்கள் சோற்றில் கைவைக்காமல் காத்திருந்தோம். அவர் என்ன பார்த்தாரோ, தெரியாது. என் மகன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு, அவருக்காக வேகத்தைக் குறைத்தான்.